விண் கண்டது, கரை அறிந்ததா?

2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள். காலை 6 மணி 29 நிமிடம். சுமத்திராத் தீவை அடுத்த கடலடியில் நிலம் பிளந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றபின், இரண்டு செயற்கைக் கோள்கள் 1,300 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் வங்கக் கடலைக் கடந்து பறந்தன. ஒன்றின் பெயர் டோபெக்ஸ்-பொசைடன். மற்றொன்றின் பெயர் ஜேசன்-1. கடல் மட்டத்தை அளப்பது அவற்றின் அன்றாடப் பணி. அன்றும் அளந்தன. நடுக்கடலில் நீர்மட்டம் சுமார் 60 சென்டிமீட்டர் உயர்ந்து ஓடிக்கொண்டிருப்பதை ஒழுங்காகப் பதிவு செய்துகொண்டன.

ஒன்றேகால் முழ உயரந்தான்! படகில் இருந்தவனுக்குத் தெரிந்திராத உயரம். அந்த அலைதான் கரையை நெருங்கியதும் சுவராக எழுந்தது. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் குடித்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். பல நாடுகளிலுமாக மாண்டவர் தொகை 2 இலட்சத்தைத் தாண்டிற்று.

விண் கண்டது, கணக்கும் எடுத்தது. ஆனால், மணலில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மனிதன் அறியவில்லை. கரையில் மீன் வாங்கக் கூடை சுமந்து நின்ற தாய் அறியவில்லை.

இதைக் கூறுவது செயற்கைக் கோள்கள்மீது பழி சுமத்த அல்ல. அவை சேர்த்த கணக்கு விஞ்ஞானிகளின் கைக்கு வந்து சேரவே பல மணி நேரம் பிடித்தது. அந்த நொடியே வந்திருந்தாலும் நாகைக்கு நேரம் இருந்திராது. ஆனால் வேறொரு கணக்கு உண்டு. நிலம் நடுங்கிய 15 நிமிடத்துக்குள் ஹவாய்த் தீவிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் நடுக்கத்தைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. அந்த நிலையம் பசிபிக் கடலுக்காக நிறுவப்பட்டது. இந்தியப் பெருங்கடலுக்கு அப்படியோர் அமைப்பே அன்று கிடையாது. செய்தி பிறந்தது, நம் கரைக்கு வரத்தான் வழியில்லை. இரண்டு மணி நேரம் கையில் இருந்தும் வீணாயிற்று.

அறிவு இருந்தது, அது செல்லப் பாதை இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை உள்ளத்தில் பதித்துக்கொண்டு மேலே படிக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நாம் கூற வந்ததன் சாரம் அதுதான்.

அளக்கும் கண்

கடலை வானத்திலிருந்து அளப்பது எங்ஙனம்? மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் விளங்கக்கூடிய கணக்கு. செயற்கைக் கோள் கீழ்நோக்கி ரேடார் அலையை அனுப்புகிறது. அது நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்புகிறது. போய்வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்தால், கோளுக்கும் நீருக்கும் இடையே உள்ள தூரம் கிடைக்கிறது. கோள் எந்த உயரத்தில் பறக்கிறது என்பது முன்னரே தெரியும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் நீரின் மட்டம் கிடைத்துவிடுகிறது. ரேடாருக்கு இரவும் பகலும் ஒன்று. மேகமும் அதற்குத் திரையாகாது.

1978இல் அமெரிக்கா அனுப்பிய சீசாட் இதற்கு முன்னோடிகளில் ஒன்று. மின்பழுதால் அது சுமார் 100 நாட்களில் மடிந்தது. குறுகிய வாழ்வுதான், ஆயினும் வழி காட்டிவிட்டுப் போயிற்று. 1992 ஆகஸ்டில் அமெரிக்காவும் பிரான்சும் கூடி டோபெக்ஸ்-பொசைடனை ஏவின. பத்து நாளுக்கு ஒருமுறை அது உலகக் கடல்களை அளந்தது. மூன்று நான்கு சென்டிமீட்டர் வேறுபாட்டைக்கூடக் காட்டிற்று. அதன் வழித்தோன்றல்களாக 2001இல் ஜேசன்-1, 2008இல் ஜேசன்-2, 2016இல் ஜேசன்-3, 2020இல் செண்டினல்-6 என்று ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன. ஒரு கோள் ஓய்வு பெறுமுன் அடுத்தது வந்து அதன் அருகே பறந்து, இரண்டு கணக்கும் பொருந்துகிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்துப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது.

அந்த அறுபடாத கணக்கு கூறும் செய்தி என்ன? 1993 தொடங்கி உலகக் கடல் மட்டம் சராசரியாகச் சுமார் 10 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. தொடக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டராக இருந்த ஏற்றம், 30 ஆண்டுகளில் 4 மில்லிமீட்டருக்கு மேலாக, இரு மடங்காகிவிட்டது. சூடேறிய நீர் விரிகிறது. உருகிய பனி வந்து கலக்கிறது. கடல் பொங்குவது யாருடைய கோபத்தாலும் அல்ல. நாம் கொளுத்திய கரியாலும் எண்ணெயாலும். இதை வாதாடி நிலைநாட்டத் தேவையில்லை, அளந்து காட்டியாகிவிட்டது.

நம் நாடும் கைகட்டி நிற்கவில்லை என்பதைப் பெருமையோடு குறிப்பிடலாம். 1999 மே திங்களில் கடலுக்கென்றே ஓசன்சாட்-1 ஏவப்பட்டது. 2009இல் ஓசன்சாட்-2, 2022 நவம்பரில் அந்த வரிசையின் மூன்றாவது கோள். இடையே 2013இல் பிரெஞ்சு நாட்டோடு கூடி, கடல் மட்டம் அளக்கும் சரல் என்ற கோளும் ஏவப்பட்டது. எல்லாம் சிறீஅரிகோட்டாவிலிருந்து சென்றவை.

ஆறும் ஏரியும் கணக்கில் வந்தன

கடலை அளந்த கோள்கள் ஆற்றையும் ஏரியையும் அவ்வளவு செம்மையாக அளக்க முடியவில்லை. தம் காலடியில் உள்ள மெல்லிய கோட்டை மட்டுமே அவை பார்த்தன. இரு கோடுகளுக்கு நடுவே இருந்த நீர் கணக்கில் வராது போயிற்று.

அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் 2022 டிசம்பர் 16ஆம் நாள் ஏவப்பட்ட ஸ்வாட் என்னும் கோள். அமெரிக்காவின் நாசாவும் பிரான்சின் விண்வெளி நிறுவனமும் செய்தவை. கனடாவும் பிரிட்டனும் துணை நின்றன. 10 மீட்டர் நீளமுள்ள தண்டின் இரு முனைகளிலும் இரண்டு ரேடார்க் கண்கள். நமக்கு இரண்டு கண்கள் இருப்பதால் தூரத்தை மட்டுக்கட்ட முடிகிறதல்லவா? அதைப் போலவே, இரண்டு கண்ணுக்கும் வந்து சேரும் அலைகளின் வேறுபாட்டைக்கொண்டு நீரின் உயரத்தைக் கணிக்கிறது. 891 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, சுமார் 120 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாய் விரித்தாற்போல் பார்த்துக்கொண்டே போகிறது. 21 நாட்களில் உலகின் பெரும்பகுதியைச் சுற்றி முடிக்கிறது. 100 மீட்டருக்கு மேல் அகலமான ஆறுகள், 250 மீட்டருக்கு 250 மீட்டர் பரப்புக்கு மேற்பட்ட ஏரிகள், இவற்றை அளப்பது அதற்கு வகுக்கப்பட்ட இலக்கு. சில ஆயிரம் ஏரிகளுக்கு மட்டுமே நம்பத்தக்க கணக்கு இருந்த நிலைமை மாறி, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஏரிகளின் கணக்குக் கிட்டும் காலம் வந்திருக்கிறது.

2025 ஜூலைத் திங்கள் இறுதியில் ரஷ்யாவின் கம்சட்காக் கடற்கரையை அடுத்து மாபெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. சுமார் 70 நிமிடம் கழித்து அவ்வழியே சென்ற ஸ்வாட், புறப்பட்ட சுனாமியின் முன் அலையை அகலப் பரப்பாகவே படம் பிடித்தது. அலையின் உயரம், வடிவம், திசை மூன்றும் கிடைத்தன. எச்சரிக்கைக் கணக்கு சரிதானா என்று சோதித்துப் பார்க்க அது விஞ்ஞானிகளுக்கு உதவிற்று. 2004இல் ஒரு கோட்டில் கண்டதை, 2025இல் ஒரு பரப்பில் கண்டார்கள். வளர்ச்சி என்பது இதுதான்.

மூடி மறைக்கும் காலம் போயிற்று

இனி, இதனால் யாருக்கு என்ன பயன் என்று பார்ப்போம்.

தண்ணீர்க் கணக்கை மூடி வைப்பது ஆட்சியாளர்களின் பழைய பழக்கம். அணையில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு திறந்தோம் என்பதை மேல்மடையான் சொன்னால்தான் கீழ்மடையானுக்குத் தெரியும். சொல்வதை நம்ப வேண்டும். நம்பாவிட்டால் சண்டையிட வேண்டும். இதுதான் நெடுங்கால நிலைமை.

நைல் நதியைப் பாருங்கள். எத்தியோப்பியா அதன் குறுக்கே மாபெரும் அணையைக் கட்டிற்று. 7,400 கோடி கன மீட்டர் கொள்ளளவு; நம் மேட்டூரைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு. எகிப்தும் சூடானும் அஞ்சின. 2020 ஜூலையில் அணையில் நீர் தேங்கத் தொடங்கியதா இல்லையா என்று தலைநகரங்களில் முரண்பட்ட பேச்சுகள் எழுந்தன. செயற்கைக் கோள் படங்களோ நீர்ப்பரப்பு விரிவதைப் பட்டவர்த்தனமாகக் காட்டின. அமைச்சர்களின் அறிக்கை ஒன்றையொன்று மறுத்தது. தண்ணீரின் படத்தை எவராலும் மறுக்க முடியவில்லை.

மீகாங் நதியைப் பாருங்கள். 2019இல் கீழ்ப்பகுதி நாடுகள் வறட்சியில் வாடின. மேற்பகுதியில் சீனாவின் அணைகள். செயற்கைக் கோள் கணக்கை வைத்து 2020 ஏப்ரலில் வெளியான ஓர் ஆய்வு, மேலே நீர் தேக்கப்பட்டதே கீழே ஆறு மெலிந்ததற்குக் காரணம் என்றது. சீனா அதை மறுத்தது. ஆயினும், அதே ஆண்டில் மீகாங் ஆற்று ஆணையத்துக்கு ஆண்டு முழுவதும் நீர்க் கணக்கைத் தர அது ஒப்புக்கொண்டது. அதுவரை மழைக்காலக் கணக்கு மட்டுந்தான் கிடைத்து வந்தது.

நம் நாட்டுக்கே வருவோம். 2002இல் பறந்த கிரேஸ் என்னும் இரட்டைக் கோள்கள் நிலத்தின் ஈர்ப்பு விசையில் ஏற்படும் நுண்ணிய மாறுதலைக்கொண்டு நிலத்தடி நீரின் எடையையே நிறுத்துக் காட்டின. பஞ்சாப், அரியானா, இராசஸ்தான் பகுதியில் 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் மறைந்துவிட்டது என்று 2009இல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். 109 கன கிலோமீட்டர் என்றால் என்ன? ஏறத்தாழ 3,850 டி.எம்.சி. மேட்டூர் அணையை 41 முறை நிரப்பும் தண்ணீர். ஆறு ஆண்டுகளில் உறிஞ்சித் தீர்த்திருக்கிறோம். நெல்லும் கோதுமையும் விளைந்த பெருமையைப் பேசினோம். பூமிக்கடியில் வெறுமை விளைந்ததை வானத்தில் இருந்தவன் சொல்லித் தெரிந்துகொண்டோம்!

உலகக் கணக்கும் நம்மைச் சிந்திக்க வைப்பதாகவே இருக்கிறது. 1992 முதல் 2020 வரை 1,972 பெரிய ஏரிகளையும் நீர்த்தேக்கங்களையும் ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவை நீரை இழந்துவிட்டன என்று கண்டிருக்கிறார்கள்.

சென்னையை மறந்துவிட முடியுமா? 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் நிரம்பி, நீர் திறக்கப்பட்டு, அடையாற்றங்கரை மூழ்கிற்று. 2019 கோடையில் அதே செம்பரம்பாக்கம் வெடித்த தரையாகக் கிடந்தது. புழலும் பூண்டியும் சோழவரமும் உடன் வறண்டன. நீலமாக இருந்த ஏரிகள் பழுப்பாகிக் கிடந்ததை, ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு செயற்கைக் கோள் படங்களாக உலகமே பார்த்தது. ஜூலைத் திங்களில் சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்தது. உலகம் பார்த்ததை, ஆள்வோர் ஆறு திங்களுக்கு முன்பே பார்த்துத் திட்டமிட்டிருக்கக் கூடாதா? படம் எடுக்கும் கருவி வானத்தில் இருந்தது. பார்க்கும் கண் கோட்டையில் இருக்க வேண்டாமா?

கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து ஆகிய ஆறுகளின் நீரோட்டக் கணக்கை இந்திய அரசு நெடுங்காலமாக இரகசியமாக வைத்து வந்திருக்கிறது. நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டுகிறார்கள். காரணத்தில் அன்று பொருள் இருந்திருக்கலாம். ஆனால், ஸ்வாட் அளக்கும் கணக்கை உலகில் எவரும் இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். பாரிசில் இருப்பவன் பாட்னாவின் ஆற்று மட்டத்தைக் காணலாம். பாட்னாவின் உழவனுக்கு மட்டும் அது இரகசியமா? வானம் திறந்து கிடக்கும்போது வாசலைப் பூட்டிப் பயன் என்ன?

பசித்தவன் நாட்டில் வானவேடிக்கை ஏன்?

இப்படிக் கேட்பவர் உண்டு. கேட்பதில் தவறில்லை. ஸ்வாட்டுக்கு ஆன செலவு சுமார் 120 கோடி டாலர். சோற்றுக்கு வழியில்லாதவன் முன்னே இவ்வளவு பணத்தை வானத்தில் எறியலாமா என்ற கேள்வி ஏழையின் வயிற்றிலிருந்து எழுமானால், அதற்குப் பணிவோடு பதில் கூறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மழை பொய்த்தால் முதலில் சாவது யாருடைய பயிர்? ஏழையின் பயிர். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது யாருடைய குடிசை? ஏழையின் குடிசை. கடல் சீறினால் திரும்பாமற் போவது யாருடைய படகு? ஏழையின் படகு. சீமான் மாடியில் ஏறிக்கொள்வான்; தண்ணீர் வண்டியை விலைக்கு வாங்கிக்கொள்வான். ஆகவே, தண்ணீரைப் பற்றிய அறிவு யாருக்கும் முன்னதாக ஏழைக்கே தேவை. அவனுக்குப் போய்ச் சேராவிடில்தான் அது வானவேடிக்கை. போய்ச் சேர்ந்தால் அது அவன் சோற்றுக்கும் உயிருக்கும் காவல்.

மற்றொன்றும் நினைவில் இருக்க வேண்டும். இந்தியாவின் விண்வெளி ஆராய்ச்சி எங்கே பிறந்தது? 1963 நவம்பர் 21ஆம் நாள், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில். அது ஒரு மீனவர் சிற்றூர். ஊரார் தம் நிலத்தையும் தாம் தொழுத மாதா கோயிலையும் நாட்டுக்காக விட்டுக்கொடுத்து இடம் பெயர்ந்தார்கள். அந்தக் கோயில் கட்டடத்தில்தான் நம் விஞ்ஞானிகள் முதல் இராக்கெட்டுகளைப் பூட்டினார்கள். இன்று தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளம் எழுகிறது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதுவும் கடற்கரைதான். விண்ணுக்குப் போகும் வழி மீனவன் மணலில் தொடங்குகிறது. அங்கே கண்ட உண்மை மீனவனின் படகில் வந்து முடிய வேண்டாமா? இது சலுகை கோரல் அல்ல. கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டல்.

பாதை போட்டோமா?

சுனாமிக்குப் பின் ஒன்றும் செய்யவில்லை என்று கூறினால் அது பொய். ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் நிலையத்தில் 2007 அக்டோபர் முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. அதே நிலையம், கடலின் வெப்பத்தையும், மீனுக்கு இரையாகும் நுண்ணுயிர்களின் பச்சை நிறத்தையும் கோள்கள் வாயிலாகப் பார்த்து, மீன் கூடும் இடங்களை மீனவருக்குத் தமிழிலும் பிற மொழிகளிலும் அறிவித்து வருகிறது. எங்கே மீன் என்று தெரியாமல் அலைந்து எரிக்கும் டீசல் மிச்சமாகிறது. நல்ல தொண்டு; பாராட்டுகிறோம்.

ஆனால், 2017 நவம்பர் 30ஆம் நாளை மறைக்க முடியுமா? குமரி முனையருகே ஒக்கி புயலாக வலுத்தது. அதை விண்ணிலிருந்த கோள்கள் கண்டன. வானிலை நிலையம் அறிவித்தது. ஆனால், நாட்கணக்கில், வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்யும் குமரி மாவட்டத்துப் படகுகளுக்கு அந்தச் சொல் எட்டவில்லை. கரையிலிருந்து பேசும் கருவியின் ஓசை அத்தனை தொலைவு போகாது. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், காணாமற் போயினர். 2004இல் கண்ட அதே கதை! அறிவு இருந்தது, பாதை இல்லை.

அதன்பின் 2019இல் ஜெமினி என்றொரு கருவி வந்தது. செயற்கைக் கோள் வழியாக எச்சரிக்கையை நடுக்கடலுக்கும் கொண்டு சேர்ப்பது. நல்லது. ஆனால் அது ஒரு வழிப் பாதை. கரை பேசும், படகு கேட்கும். படகு மூழ்கும்போது கூவினால் கரைக்குக் கேட்காது. இருவழியும் பேசக்கூடிய கருவியை ஒரு இலட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம், சுமார் 360 கோடி ரூபாய்ச் செலவில், 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. அதையும் வரவேற்கிறோம். விசைப்படகுக்கும் இயந்திரம் பூட்டிய படகுக்கும் உரியது அந்தத் திட்டம். துடுப்புப் போட்டுக் கட்டுமரத்தில் செல்பவன் எந்தப் பட்டியலில் இருக்கிறான்? அவன் உயிர் என்ன, அரை விலையா?

891 கிலோமீட்டர் உயரத்தைக் கடந்து உண்மை கீழே வந்துவிடுகிறது. அலுவலக மேசையிலிருந்து அலை மோதும் கரைக்கு உள்ள தூரத்தைத்தான் அதனால் கடக்க முடியவில்லை.

வானத்தை மட்டும் நம்பினால்?

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. விஞ்ஞானத்தைப் போற்றுகிறோம் என்பதற்காக அதற்கு இல்லாத ஆற்றலை ஏற்றிச் சொல்வது பகுத்தறிவு ஆகாது. ஸ்வாட்டின் இலக்குக்கு உட்பட்டது 15 ஏக்கருக்கு மேற்பட்ட நீர்நிலை. அதற்கும் சிறிய ஊருணியும் தாங்கலும் குட்டையும் அதன் கணக்கில் வரா. தமிழகத்தில் சுமார் 40,000 ஏரிகள் இருக்கின்றன. சிறு குளங்கள் அதற்கும் மேல். ஆற்றின் மேல்மட்டத்தையும் அகலத்தையும் சரிவையும் கோள் காணும். ஆற்றின் அடியைக் காணாது. எவ்வளவு நீர் ஓடுகிறது என்பதைக் கணித்துத்தான் சொல்ல முடியும். அந்தக் கணிப்பு சரியா என்பதை, மதகருகே நட்ட அளவுகோலைப் பார்த்துக் காலையும் மாலையும் ஏட்டில் குறிக்கும் எளிய ஊழியன்தான் சொல்ல வேண்டும். கோள் வந்துவிட்டது என்று கூறி அவன் வேலையை ஒழிப்பது, கண்ணாடி வாங்கிவிட்டோம் என்று கண்ணைப் பிடுங்குவதற்கு ஒப்பாகும்.

கணக்கு அறுந்தும் போகக் கூடாது. ஓசன்சாட்-2 கோளில் கடற்காற்றை அளந்த கருவி 2014இல் பழுதாகி நின்றது. அதன் இடத்தை நிரப்ப ஸ்காட்சாட்-1 ஏவப்பட்டது 2016 செப்டம்பரில்தான். இடைப்பட்ட காலத்தில் அந்தக் கணக்கை மற்ற நாட்டுக் கோள்களிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அந்நாடுகள்தாம் எந்நாளும் தருமா? அமெரிக்க அரசு 2025இல் முன்வைத்த வரவு செலவுத் திட்டம், நாசாவின் விஞ்ஞானப் பணிக்கான பணத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும்படி கூறிற்று. அது முன்மொழிவுதான். ஆனாலும், இரவல் விளக்கில் எவ்வளவு நாள் படிக்க முடியும் என்ற கேள்வியை அது நம் முன் வைத்துவிட்டது.

நாம் கேட்பவை

கேட்பது நான்கே.

ஒன்று: எச்சரிக்கை கரை வரையில் வந்தால் போதாது, கடைசிப் படகு வரையில் போக வேண்டும். இருவழிக் கருவி கட்டுமரத்துக்கும் நாட்டுப் படகுக்கும் விலையின்றிக் கிடைக்க வேண்டும். சொல் அலுவலகத் தமிழில் இராமல், கடலில் வழங்கும் தமிழில் இருக்க வேண்டும். "வளிமண்டலத் தாழ்வழுத்தம்" என்றால் ஓடுவதா நிற்பதா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? "இன்று போகாதே, போனவன் இன்ன கரைக்குத் திரும்பு" என்று சொல்லுங்கள்.

இரண்டு: அணைகள், ஏரிகள் அனைத்தின் நீர்க் கணக்கும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். அமெரிக்கா தன் லேண்ட்சாட் படங்களை ஒரு காலத்தில் விலைக்கு விற்றது. 2008இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அதன் பிறகுதான் உலகத்து நீர்நிலைகளின் 30 ஆண்டு வரலாற்றையே எழுத முடிந்தது. மக்கள் வரிப்பணத்தில் எடுத்த படம் மக்கள் சொத்து. ஏரி மேலே ஆக்கிரமிப்பு எழும்பும்போது, அந்த ஏரியின் பழைய பரப்பைக் காட்டும் படம் ஊர்ப் பஞ்சாயத்தின் கையில் இருக்க வேண்டும்.

மூன்று: ஆற்று நீரைப் பங்கிடும் இடங்களில், இரு தரப்பும் ஏற்கும் பொதுக் கணக்காக இந்த விண் கணக்கையும் சேர்க்க வேண்டும். நீதி எங்கே என்பதைக் கோள் சொல்லாது. அதை மனிதர்தான் சொல்ல வேண்டும். ஆனால், "அணையில் தண்ணீர் இல்லை" என்று ஒருவர் கூற, "இருக்கிறது" என்று மற்றொருவர் கூறும் அந்த முதற் சண்டையாவது ஒழியும். உண்மையில் உடன்பட்டபின் உரிமையைப் பேசலாம்.

நான்கு: மதகருகே நிற்கும் அளவுகோலுக்கும் அதைப் பார்க்கும் ஊழியனுக்கும் உரிய பணம் ஒதுக்க வேண்டும். விண்ணுக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கு மண்ணுக்கும் வரட்டும். கடற்கோள் ஒன்று ஓயுமுன் அடுத்தது ஆயத்தமாக இருக்கட்டும்.

இவை நடவாதவை அல்ல. விண்ணில் கோளை நிறுத்தி, நீரின் உயரத்தைச் சென்டிமீட்டர்க் கணக்கில் அளந்த மனிதனால், ஒரு செய்தியைக் கரைக்குக் கொண்டுசெல்ல முடியாது என்றால் யார் நம்புவார்கள்? முடியாமையன்று குறை, மனமின்மையே குறை.

2004இல் நமக்குத் தெரியாது என்று சொன்னோம், உலகம் ஏற்றுக்கொண்டது. 2017இல் தெரிந்தும் எட்டவில்லை என்று சொன்னோம். உலகம் முகம் சுளித்தது. மூன்றாம் முறை எந்தச் சொல்லும் நம்மிடம் மிச்சம் இல்லை. விண்ணில் இருக்கும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அது கண்டதைக் கரையில் இருப்பவன் காதில் போடுவது ஆட்சியாளர் கடமை. போட வைப்பது மக்கள் கடமை.